எண்ணெய் டின்னில் ஒரு மாங்கன்று

போன மாதம் நம்மில் ஒருத்தியின் மகள் கல்யாணத்தில் நாம் எல்லோரும் ஒரே வரிசையில் சாப்பிட உட்கார்ந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பரிமாறுகிறவன் இலையில் அரிசிம்பருப்புச் சாதத்தை வைத்து, மேலே நெய்யை ஊற்றிவிட்டுப் போனான். ஒரு வாய் எடுத்துப் போட்டதும் உங்களில் ஒருத்தி சொன்னாள்: “என்ன இருந்தாலும் அன்னிக்கு நம்ம கெணத்துத் தண்ணியில வெந்த அரிசிம்பருப்பு மாதிரி வருமா புள்ள?” மற்றவர்கள் எல்லோரும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினீர்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. கோபம். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் நெய்க் கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருப்பேன்.

எந்தக் கிணறு என்று கேட்கிறேன்? எந்தத் தண்ணீர்? நாம் ஏழாவது படித்த வருஷம் உங்களுக்கு அடியோடு மறந்து போய்விட்டதா? திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையில் இருந்த நம் தோட்டங்களில் அந்த வருஷம் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வெந்தது? பள்ளிக்கூடம் போகிற வழியில் வாய்க்காலைப் பார்த்து, “இன்னிக்கு செவப்பு பனியன்டி”, “இன்னிக்கு ஊதா” என்று பந்தயம் கட்டியது நாம்தானே? இப்போது வயதாகிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, அதனால் பழசெல்லாம் இனிக்கிறது. எனக்கு இனிக்கவில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த வருஷம் தை மாதத்தில் என் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அவனுக்குப் பெண்டாட்டி வருகிறாள் என்றால் எனக்கு ஒரு அக்கா வருகிற மாதிரி. நம் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவோம். என் நங்கைக்குக் கொடுமுடி. காவேரிக் கரையில் வீடு. பீரோ, கட்டில், அண்டா, குத்துவிளக்கு என்று சீர்வரிசை எல்லாம் வேனில் வந்தது. நங்கை மட்டும் காரிலிருந்து இறங்கும்போது பட்டுப்புடவை மடியில் ஒரு பாலிதீன் பையை வைத்திருந்தாள். பைக்குள் கறுப்பு வண்டல் மண். மண்ணில் ஒரு சாண் உயரத்துக்கு மாங்கன்று.

“இது எங்கூட்டு மரத்துக் கொட்டைங்க மாமா. எங்கப்பா ஆத்து வண்டல்ல போட்டு மொளைக்க வெச்சாங்க” என்று என் அப்பாவிடம் சொன்னாள். அப்பா சிரித்தார். அன்றைக்கு அவருக்கு நல்ல மூடு. “இப்ப மண்ணுல வெச்சா வெயிலுக்குத் தாங்காதுங்க அம்மணி. ஆடி பொறக்கட்டும். பட்டம் பாத்து வெச்சுக்கலாம்” என்றார்.

ஆடி வரைக்கும் அது எங்கே இருப்பது? காலியாகக் கிடந்த கடலை எண்ணெய் டின்னை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நங்கை அதன் மேல்தகட்டை வெட்டி, ஓரத்தைக் கல்லால் தட்டி மடக்கினாள். அடியில் ஆணி வைத்து ஓட்டை போட்டாள். உடைந்த ஓட்டுச் சில்லுகளை ஓட்டைகளின் மேல் கவிழ்த்து, செம்மண்ணும் எருவும் கலந்து போட்டு, பையைக் கிழித்து, வேரோடு ஒட்டியிருந்த வண்டல் உதிராமல் கன்றை உள்ளே இறக்கினாள். அப்புறம் என்னைப் பார்த்து, “இனி இதுக்கு நீயும் ஒரு அம்மா கண்ணு” என்றாள். பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிழலாக ஒரு இடம் பார்த்து வைத்தோம்.

அதே தை மாதத்தில் எங்கள் வீட்டுக்கு இன்னொன்றும் வந்தது. மேற்கு மூலைக் காட்டு நிலத்தை அப்பா ஒரு சாயப்பட்டறைக்காரருக்கு வாடகைக்கு விட்டார். தகர ஷெட், பாய்லர், பெரிய பெரிய தொட்டிகள். அண்ணனுக்கும் அங்கேயே மேஸ்திரி வேலை. பட்டறையில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிய கழிவுத் தண்ணீரை முதலில் வாய்க்காலில் விட்டார்கள். பஞ்சாயத்தில் யாரோ சத்தம் போட்டதும், எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பாழுங்கிணற்றில் விட ஆரம்பித்தார்கள். அது எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது. குடித்தது எங்கே போகும்? எங்கள் கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா? ஆடு மேய்க்கிற பிள்ளைக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியவில்லையாம்.

மாசி கழிவதற்குள் பருப்பு வேகாமல் போயிற்று.

துவரம்பருப்பை அடுப்பில் வைத்தால் பொழுதுக்கும் கொதிக்கும், தண்ணீர் வற்றும், பருப்பு மட்டும் கல்லு கல்லாக அப்படியே நிற்கும். நங்கை சமைக்கிற நாளெல்லாம் அப்படித்தான். என் அம்மா சமைக்கிற நாளில் பருப்பு பஞ்சாக வெந்துவிடும். அம்மா அதை ஊர் முழுக்கச் சொன்னாள். பக்கத்துத் தோட்டத்து அக்கா மோர் வாங்க வந்தால் போதும், வாசலிலேயே நிறுத்திக்கொள்வாள். “ஏனுங்கக்கா, இந்த அதிசயத்தப் பாத்தீங்களா? அதே பருப்பு, அதே அடுப்பு. என்ற கையில வேகுது, அவ கையில வேகுலீங்க. கைராசின்னு ஒண்ணு இருக்குதுங்களே!” நங்கை உள்ளே அடுப்பங்கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். பருப்பு வேகாத அன்று அண்ணன் தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்து போவான். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. நம் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியாததா? நாம் கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்போம்.

அப்புறம் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. தென்னை மட்டை காய்ந்து தொங்கியது. எருமை கறவையைக் குறைத்துக்கொண்டது. மஞ்சள் போட வைத்திருந்த காட்டில் மண் மேல் வெள்ளையாகப் பூத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: மருமகள் வந்த நேரம். பட்டறை வந்த நேரம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அது மாசம் பிறந்தால் வாடகை கொடுக்கிறதே, அது எப்படிக் கெட்ட நேரமாகும்?

மாங்கன்றும் கருக ஆரம்பித்தது. முதலில் இலையின் நுனி பழுப்பாயிற்று. பிறகு ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி சுருண்டது. நாங்கள் இரண்டு பேரும் என்னென்னவோ செய்து பார்த்தோம். வெயில்தான் சுடுகிறதோ என்று சாக்கு கட்டி நிழல் கொடுத்தோம். தண்ணீர் தேங்குகிறதோ என்று டின்னைச் சாய்த்து, அடி ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிட்டோம். தண்ணீர் போதவில்லையோ என்று வேளைக்கு இன்னொரு சொம்பு ஊற்றினோம். எங்கிருந்து? தொட்டியிலிருந்து. தொட்டிக்கு எங்கிருந்து? கிணற்றிலிருந்து. நாங்கள் அன்பாக ஊற்ற ஊற்ற அது கருகியது. டின்னின் விளிம்பில் உப்பு பூத்தது. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினேன்.

ஒருநாள் அம்மா பொடக்காளிக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கன்றைப் பார்த்தாள். நங்கையிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: “தூரமா இருக்கறப்ப உங்க நங்கை இதத் தொட்டாளா?” மாதவிலக்கில் பெண் தொட்டால் செடி கருகிவிடும் என்பது அவர்கள் சாத்திரம். நங்கையின் முகத்தில் ரத்தம் ஏறியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. “இல்லீங்க அத்தை. அந்த மூணு நாளும் கண்ணுதான் தண்ணி ஊத்துச்சு” என்றாள். “நெழலு பட்டாலே போதுமுங்க” என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள். அந்த வயதில் எனக்கே இன்னும் அதெல்லாம் ஆகவில்லை. ஆனாலும் அன்றைக்கு என் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தேன். ஒரு பிள்ளையை அப்படி நடக்கவைத்தார்களே, அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் ஒரு பொதுக்குழாய் இருந்தது. பவானி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும். வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. வருகிற அன்று அம்மா மட்டும்தான் போவாள், நங்கையை அனுப்பமாட்டாள். “புதுப் பொண்ணு, கொழாயடியில நின்னா ஊரு என்ன பேசும்?” என்பாள். பிடித்து வந்த குடங்களில் ஒன்றிரண்டை அடுப்பங்கரைப் பானையில் குடிக்க ஊற்றிவிட்டு, மீதியைச் சாமான் அறையில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் வைத்து, மேலே பழைய சேலையைப் போட்டு மூடுவாள். நான் ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டேன். “அது சாமிக்கு. தொட்டீன்னா கை ஒடிஞ்சுபோகும்” என்றாள். எந்தச் சாமிக்கு அத்தனை தண்ணீர் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. அம்மா சமைக்கிற நாளில் ஒரு குடம் காலியாகும். அதை எண்ணிப் பார்க்கிற வயது எனக்கில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எண்ணத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்களே, அவர்களுக்கு என்ன?

ஆடி பிறந்தது. தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போகக் கொடுமுடியிலிருந்து நங்கையின் அப்பா பழம், பலகாரத்தோடு வந்தார். கல்யாணமான முதல் ஆடியில் பெண் பிறந்த வீட்டில் இருப்பதுதானே வழக்கம்? ஆடி முடிந்ததும் மாப்பிள்ளை போய்க் கூட்டிவர வேண்டும். கிளம்பும்போது நங்கை என்னைப் பொடக்காளிக்குக் கூட்டிப்போனாள். கன்றில் நாலைந்து இலைதான் மிச்சம். அதுவும் பாதி கருகல்.

“இது பொழைக்குமா நங்கை?”

“தண்டு பச்சையா இருக்குது பாரு. நகத்துல லேசாக் கீறிப் பாத்தேன். உசுரு இருக்குது. நான் வர்ற வரைக்கும் பாத்துக்க கண்ணு.”

“வெறசா வந்துருங்க.”

“வாரேன் கண்ணு” என்றாள். போகிறேன் என்று சொல்லாமல் அப்படித்தானே சொல்லிவிட்டுப் போவோம்?

நான் சத்தியமாகப் பார்த்துக்கொண்டேன். முதல் வேலையாக மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்த மண்ணைச் சுரண்டி எறிந்தேன். ஆடிக் காற்று கன்றைப் பிடித்து ஆட்டியதால், டின்னை இழுத்து இழுத்து, பொடக்காளியிலேயே இருந்த மாட்டுச்சாளையின், அதாவது மாட்டுக் கொட்டகையின், ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனேன். சாரல் வந்தபோது ஓட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் அதன் மேல் விழுந்தது. அப்புறம் பள்ளிக்கூடம். நம் பள்ளிக்கூடத்துக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருமே, வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் என் பச்சைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அதை நிரப்பிக்கொள்வேன். வழியில் நீங்கள் ஒரு மடக்கு கேட்டால்கூடக் கொடுக்கமாட்டேன். கருமி என்று எனக்குப் பெயர் வைத்தீர்களே, அந்தத் தண்ணீர்தான். தொட்டித் தண்ணீரை என்னாலேயே வாயில் வைக்க முடியவில்லை, கன்றுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அதற்கு மேல் அறிவெல்லாம் எனக்குக் கிடையாது.

கன்று துளிர்த்தது. ஒருநாள் சாயங்காலம் பாட்டிலைத் திறந்துகொண்டு குனிந்தால், உச்சியில் செம்பு நிறத்தில் கொழுந்து தொங்குகிறது. மெல்லிசாக, பளபளவென்று, தொட்டால் வழுக்குகிற மாதிரி. நான் கத்திய கத்தலில் எருமை கயிற்றை இழுத்தது. அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். நங்கைக்கு யார் மூலமாவது சொல்லி அனுப்ப வேண்டும் என்று குதித்தேன்.

அம்மா பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அவ இந்தூட்ட விட்டு அக்கட்டப் போனா, இது துளுத்துருச்சு.”

புரிகிறதா புள்ளைகளா? நான் பிழைக்கவைத்த கன்று. அதை வைத்தே அவளைச் சாய்த்தார்கள். மறுநாளிலிருந்து எங்கள் பொடக்காளி ஒரு கோயில் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து அக்கா, மேட்டுக்காட்டு அத்தை, நாவிதர் வீட்டம்மா என்று ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். “அவ கை படாம இருந்தாத்தானுங்க துளுக்குது” என்று அம்மா விளக்கம் சொன்னாள். வந்தவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். உங்கள் அம்மாக்களும் வந்தார்கள். யாரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக் கிணறும் கெட்டுப்போய்த்தானே இருந்தது? அவர்கள் வீட்டில் மட்டும் பருப்பு வெந்ததா?

ஆடி முடிந்தது. அண்ணன் கொடுமுடிக்குப் போகவில்லை. ஆவணி பிறந்தது. அப்போதும் போகவில்லை. ஒருநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, “நங்கையை எப்பக் கூட்டிட்டு வர்றது?” என்று கேட்டேன். அம்மா அண்ணன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். எனக்கு அழுகையும் ஆங்காரமும் முட்டிக்கொண்டு வந்தது. “அவங்க கையில ஒண்ணும் இல்ல. தண்ணிதான். நான் பள்ளிக்கொடத்துத் தண்ணிய ஊத்துனேன், அதான் துளுத்துச்சு. நம்ம கெணத்துல பட்டறைத் தண்ணி எறங்கிருச்சு. அதான் பருப்பும் வேகுல” என்று கத்தினேன்.

அப்பா சாப்பிட்ட கையாலேயே அறைந்தார். என் காதில், முடியில் எல்லாம் சோறு. “பட்டறையப் பத்தி இன்னொருக்கா வாயத் தொறந்தீன்னா பல்லு பேந்துரும். உங்கண்ணன் சோறு தின்கறதே அதுலதான்.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் நகக்கண்ணில் எப்போதும் சாயம் இருக்கும். அன்றைக்கு ஊதா. நாளெல்லாம் அந்தத் தண்ணீருக்குள் நிற்கிறவன், சாயத் தொட்டியைத் திறந்து பாழுங்கிணற்றுக்குத் திருப்பி விடுகிறவன், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

நான் விடவில்லை. நிரூபிக்கிறேன் பார் என்று, கன்றைத் தூக்கிவந்து அம்மா கண்ணெதிரிலேயே வாசலில் வைத்தேன். காலையும் மாலையும் அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். அந்தச் செம்புக் கொழுந்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கன்று கருகினால்தான் நங்கை வருவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன். நுனி கருகியது. ஓரம் சுருண்டது. “பாத்தியாம்மா? இப்ப நங்கை இங்க இல்லயே? இப்ப ஏன் கருகுது?” என்று கேட்டேன்.

அம்மா குனிந்து, சுருண்ட இலையைத் தடவிப் பார்த்தாள். அசந்துபோய்விட்டாள் என்று நினைத்தேன். “அவ அங்க உக்காந்து ஏங்கறா. அந்த ஏக்கம் இங்க வந்து சுடுது” என்றாள்.

இதற்கு மேல் என்ன செய்வது, சொல்லுங்கள்? துளிர்த்தாலும் அவள் குற்றம், கருகினாலும் அவள் குற்றம். நான் டின்னைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடியும் தாழ்வாரத்தில் வைத்து, பாட்டில் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தேன். அந்த வீட்டில் பேசிப் பயனில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

புரட்டாசிக்கு முன்பே பேச்சுவார்த்தை நடந்தது. வாசலில் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, எல்லாம் மரியாதையாக நடந்தது. “எங்க புள்ளகிட்ட என்ன கொறைங்க? அதச் சொல்லீட்டீங்கன்னா நாங்க கேட்டுட்டுப் போயர்றோம்” என்றார் நங்கையின் அப்பா. என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கொறைன்னு ஒண்ணும் இல்லீங்க சம்பந்தி. தங்கமான புள்ளைங்க. நேரந்தான் ஒத்துவருலீங்க” என்றார். தங்கமான பிள்ளையாம்! அண்ணன் தூணில் சாய்ந்து நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் சீர்ச் சாமான்களை எடுத்துப்போக ஒரு டெம்போ வந்தது. தன் அப்பாவோடு நங்கையும் வந்திருந்தாள். அவள் வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றாள். பீரோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டில் போயிற்று, அண்டா போயிற்று. நான் பொடக்காளிக்கு ஓடி, டின்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தேன். டின்னின் விளிம்பு கையைக் கிழித்தது. மறுபடியும் இரண்டு சின்னக் கொழுந்து விட்டிருந்தது. நங்கை அதைப் பார்த்ததும்தான் அழுதாள். பீரோ போகும்போதெல்லாம் அழாதவள்.

“தண்ணிதானுங்க நங்கை. உங்க கையில ஒண்ணும் இல்ல. நான் கண்டுபுடிச்சுட்டேன்” என்றேன்.

அவள் என் காயத்தை முந்தானையால் ஒற்றினாள். “எனக்குத் தெரியும் கண்ணு. வந்த மொத மாசமே தெரியும். ஆத்துத் தண்ணியில குளிச்சு வளந்தவளுக்கு, தலைமயிரு பிசுபிசுன்னு ஒட்டுனா தெரியாதா? உங்க அண்ணன்கிட்டச் சொன்னேன். வேலை போயிரும், வாயத் தொறக்காதேன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. நானும் தொறக்குல.”

அவள் சொல்லிவிட்டு டின்னை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவின் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்று வந்த மாதிரியே. நான் ஓடிப்போய் என் பச்சைப் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினேன். அதில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே ரத்தம் கொதிக்கும். கொதிக்காவிட்டால் நீங்கள் மனுஷிகளே இல்லை. மறு வருஷமே அண்ணனுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் இன்னொரு பெண் பார்த்தார்கள். அவள் வருவதற்கு முன் அப்பா பஞ்சாயத்தில் பேசி, வீட்டுக்குள்ளேயே குழாய் இழுத்தார். கோயமுத்தூர் காந்திபுரத்துக்குப் போய் அம்மா ஒரு பிரஷர் குக்கர் வாங்கிவந்தாள். புது மருமகள் முதல்நாள் வைத்த அரிசிம்பருப்பு குழைய வெந்தது. “மகராசி கை” என்றாள் அம்மா. ஒரு குக்கர், ஒரு குழாய்! அவ்வளவுதான் விஷயம். அதை ஒரு வருஷம் முன்னால் செய்திருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை நின்றிருக்கும். அந்தப் பொள்ளாச்சிப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், நல்லவள். அவளை இன்றுவரை நான் நங்கை என்று கூப்பிட்டதில்லை, அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

அப்புறம் காடும் போயிற்று, கிணறும் போயிற்று. விற்றுவிட்டுக் கோயமுத்தூரில் ஆளுக்கொரு பக்கம் ஒண்டிக்கொண்டோம். நம் கிணற்றுத் தண்ணீரின் ருசி பற்றிப் பேசினீர்களே, போய் எட்டிப் பாருங்கள். இன்னும் கலர் மாறவில்லை.

அப்பா செத்து, அஸ்தியைக் காவேரியில் கரைக்கக் கொடுமுடிக்குப் போனோம். வைகாசி மாதம். சடங்கு முடிந்ததும் மற்றவர்களைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு, கேட்டுக் கேட்டு நங்கை வீட்டைக் கண்டுபிடித்தேன். தலை நரைத்திருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை பார்த்து ஓய்வு பெறப்போகிறாளாம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நாள் தவறாமல் பருப்பு வேகவைத்துப் போட்டவள் அவள்! மறுபடியும் கல்யாணம் பண்ணவில்லை. ராசியில்லாதவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் கொடுமுடி போய்ச் சேர்ந்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதையே கேட்டார்களாம்.

என்னை அடையாளம் தெரிந்ததும், “கண்ணு!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். கூரைக்கு மேலே, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து நிழல் விரித்துக்கொண்டு நின்றது அந்தக் கன்று. அடிமரத்தை என் இரண்டு கையால் கட்டிப்பிடிக்க முடியவில்லை. காய் காயாகத் தொங்கியது. அந்த எண்ணெய் டின் துருப்பிடித்து, அடி இற்றுப்போய், கோழி முட்டை வைக்க வைக்கோலோடு கிடந்தது. என் அப்பா போனதற்குத் துக்கம் விசாரித்தாள். என் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். என்னோடுதான் இருக்கிறாள் என்றேன். ஒரு பை நிறையப் பழம் பறித்துக் கொடுத்து, “உங்கம்மாளுக்கும் குடு” என்றாள். அவளுக்கு வராத கோபம் எல்லாம் எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது போல.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பழத்தை அரிந்து அம்மா முன்னால் வைத்தேன். அவளுக்குக் கண் மங்கல், பல் இல்லை, காது மட்டும் கூர்மை. சதையைச் சப்பிச் சப்பித் தின்றாள். கொட்டையையும் விடவில்லை.

“தேனா இருக்குது. எந்தூருப் பழம்?”

“கொடுமுடி. நங்கை எண்ணெய் டின்னுல வெச்சிருந்தாங்களே, அந்தக் கன்னு.”

அம்மா கொட்டையைச் சப்புவதை நிறுத்தவில்லை. கையில் வழிந்த சாறை நக்கிக்கொண்டாள்.

“காவேரித் தண்ணியில்ல, அதான்” என்றாள். “நம்மூட்டுலயே இருந்திருந்தா எப்பவோ பட்டுப்போயிருக்கும். நம்ம கெணத்துத் தண்ணியிலதான் அப்ப பருப்பே வேகாதே கண்ணு.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை வருகிறது, துணியை எடு என்கிற மாதிரி. அந்தப் பேச்சுவார்த்தை நடந்த அன்று வாசலில் நின்று இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு வராத வார்த்தை, மாம்பழம் தின்கிற வாயில் வந்துவிட்டது. அம்மா கொட்டையைத் தட்டில் போட்டுவிட்டு, “இன்னொண்ணு இருக்குதா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றேன்.

பை நிறைய இருந்தது.